மூன்றாவது புள்ளி

ஜூன் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்கள் கேட்ட பட்டாம்பூச்சி முத்திரையை, நூலகப் புத்தகத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலத்தில் கண்ணாடிக் கிண்ணத்துக்கு அலங்காரம் செய்தவர், அதன் அடியில் தன் அடையாளமாக இதைப் பதிப்பாராம். உங்கள் பழம்பொருள் கடைக்கு வரும் கிண்ணங்களில் அசல் எது என்று இனி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். “பரீட்சைக்குப் படிக்கிற லட்சணமா இது?” என்று அம்மா திட்டுகிறாள்.

எங்கள் நூலக டீச்சருக்குப் பழைய கண்ணாடி என்றால் உயிர். விடுமுறையில் உங்கள் ஊருக்கு வருகிறார். உங்கள் கடையைச் சொல்லியிருக்கிறேன்.

பாசமுள்ள,
அண்ணன் மகள்

ஜூன் 22

என் புத்தகப் பூச்சிக்கு,

படம் பிரமாதம்! உன் டீச்சர் வந்தார். ஊதாக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் பட்டாம்பூச்சி. “உங்க அண்ணன் பொண்ணு சொன்ன கடையாச்சே, சந்தேகப்படுவேனா?” என்று உடனே வாங்கிக்கொண்டார். உன் பேரில்தான் இப்போது கடை ஓடுகிறது, போ. அதே புத்தகத்தில் இருக்கும் கொக்கு முத்திரையையும் சீக்கிரம் வரைந்து அனுப்பு, என் தங்கமே.

உன் சித்தப்பா

ஜூலை 3

சித்தப்பாவுக்கு,

டீச்சர் என்னை வீட்டுக்கு அழைத்துக் கிண்ணத்தைக் காட்டினார். பட்டாம்பூச்சியின் இடது இறக்கையில் மூன்று புள்ளிகள். நான் வரைந்ததிலும் மூன்றுதான். ஆனால் வலது இறக்கையில் இரண்டே இருந்ததால் ஏதோ உறுத்தியது. மறுநாள் நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து மூன்றாவது புள்ளியை நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்து வந்துவிட்டது. அது ஈயின் எச்சம்.

ஈ எச்சமிட்டது எங்கள் நூலகப் புத்தகத்தில். நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த கலைஞர் அதைப் பார்த்து எப்படிப் பதித்தார், சித்தப்பா?

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினேன். அருவருப்பு போகவில்லை. ஈயின்மேல் எனக்குக் கோபமில்லை. டீச்சரிடம் நீங்களே உண்மையைச் சொல்லிக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கை வரைய மாட்டேன்.

அண்ணன் மகள்

ஜூலை 11

அடி கழுதை,

ஈ எச்சமா! படித்துவிட்டுக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம். புதுக் கண்ணாடியில் முத்திரை பதிக்கக் கொஞ்சம் ஆசிட், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். எல்லாரும் செய்வதுதானே? டீச்சர் பாவம், சந்தோஷமாக இருக்கிறார். அதை ஏன் கெடுக்கிறாய்? அடுத்ததில் இரண்டு புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ ஏங்கிக்கொண்டிருந்த கலைக்களஞ்சியம் முழுவதும் பார்சலில் வருகிறது. சமர்த்தாகப் படி. அப்பாவிடம் மூச்சு விடாதே.

சித்தப்பா

ஜூலை 18

சித்தப்பாவுக்கு,

பார்சல் வந்தது. ஆசை யாரை விட்டது? முதல் தொகுதியைப் பிரித்து மோந்துகூடப் பார்த்தேன். புதுப் புத்தக வாசனை எனக்குக் குமட்டியது அதுவே முதல் தடவை. கட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “நீ வரைஞ்சதா இது?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கிண்ணத்தில் போட்டிருந்த பொத்தான்களை மேசைமேல் கொட்டிவிட்டு, அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். நான் வாங்கக் கை நீட்டினேன். “நீ தொடாதே, நானே எடுத்துட்டு வரேன்” என்றார்.

அப்பா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, “த்தூ, இவன் என் கூடப் பொறந்தவனா!” என்றார்.

சனிக்கிழமை டீச்சர், அப்பா, நான் மூவரும் வருகிறோம். கடையில் உள்ள கிண்ணங்களையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்.