முற்றிய நச்சுக்கொடி

சேசு மரி சூசை துணை

அரிப்பு
9.4.1938

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் என்று எழுத ஆசைதான், பொய் எழுத வரவில்லை. பிள்ளை பிறக்க வேண்டிய நாள் தாண்டி ஆறு நாளாகிவிட்டது. நேற்றிலிருந்து துடிப்பும் குறைவு.

இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளை செத்துப் பிறந்தபோது, ஆசுப்பத்திரி மருத்துவிச்சி பெற்றிசியா, பிள்ளைக்குப் பின்னால் விழுந்த நச்சுக்கொடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னா. சுண்ணாம்புத் துகள் கலந்ததுபோல் நறநறத்தது. "மாதம் நிறைய நிறைய இது முத்துறது வழமைதான் பிள்ளை. உனக்கு மிஞ்சி முத்திப்போச்சு, பிள்ளைக்குச் சாப்பாடு போகேல்லை. அடுத்தமுறை நாள் தாண்ட முந்தி மன்னார் ஆசுப்பத்திரிக்கு வந்திடு" என்றா.

மாமி நம் தோணியைத் தரமாட்டாவாம். "மகன் சொல்லட்டும்" என்கிறா. வண்டிப் பாதையில் குலுங்கிப் போக என்னால் ஏலாது. துறைமுக வேலையில் ஒரு நாள் லீவு கேட்டு வாங்கோ.

உங்கள் அன்புள்ள
திரேசம்மா

தலைமன்னார்
11.4.1938

அன்புள்ள திரேசம்மாவுக்கு,

கடிதம் கண்டு மனம் பதைத்தது. ஆனால் தோணி இறக்கக் கூடாத பெரிய கிழமை தொடங்கிவிட்டது. உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று நான் களவாய்த் தோணி இறக்கி மீன் பிடித்தேன். மூன்று கிழமையில் பிள்ளை போய்விட்டது. குற்றம் நச்சுக்கொடியில் இல்லை, என்னில்தான். இந்தமுறை உயிர்த்த ஞாயிறு முடியும்வரை தோணி கரையில் கிடக்கட்டும். திங்கட்கிழமை நானே வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன். செபமாலையை விடாதே.

யாகப்பர்

அரிப்பு
13.4.1938

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மீன் பிடித்ததற்கு ஆண்டவர் பச்சைப் பிள்ளையைத் தண்டிப்பாரா? விடிந்ததிலிருந்து இரண்டு தரம்தான் அசைந்தது. சீனித் தண்ணீர் குடித்துவிட்டு, ஒருபக்கமாய்ச் சரிந்து கிடந்து, பிள்ளை அசையுமா என்று காத்திருக்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், மாமிக்கு ஒரு தந்தி அடியுங்கோ. வெள்ளி காலைவரைதான் பார்ப்பேன். மஹ்மூது நானாவிடம் கேட்டுவிட்டேன். அவருடைய தோணிக்குப் பெரிய வெள்ளி இல்லை.

உங்கள்
திரேசம்மா

மன்னார் ஆசுப்பத்திரி
17.4.1938

அத்தான்,

தந்தி வரவில்லை. வெள்ளி காலையில் மஹ்மூது நானாவும் அவர் மனைவி ஆமினாவும் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாமி கரையில் நின்று மண்ணை அள்ளித் தூற்றினா. ஆமினா வழி முழுக்க என் கையை விடவில்லை.

பின்னேரம் பெண் பிள்ளை பிறந்தது. மெலிந்து, தோல் உரிந்து கிடக்கிறாள். ஆனாலும் அழுகிறாள், பால் குடிக்கிறாள். நச்சுக்கொடியைப் பார்த்துவிட்டுப் பெற்றிசியா, "ஞாயிறு வரைக்கும் தாங்கியிராது பிள்ளை" என்றா. நீங்கள் திங்கட்கிழமை என்று எழுதியிருந்தீர்கள்.

வந்து பாருங்கோ, உங்கள் பிள்ளைதான். நான் இங்கிருந்து முள்ளிக்குளத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அரிப்புக்குத் திரும்பி வரமாட்டேன்.

அந்தப் பிள்ளை உங்கள் பாவத்தால் சாகவில்லை. இவள் செத்திருந்தால் அது உங்களால்தான்.

திரேசம்மா