நான் வாசித்துச் சொன்ன கடுதாசி

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றம் முழுக்க மணல். மூன்று தரம் கூட்டினேன், மூன்று தரமும் காற்று திருப்பிக் கொண்டுவந்து கொட்டிற்று. நாலாம் தரம் விளக்குமாற்றைக் கிணற்றடியில் ஒளித்துவிட்டேன். அம்மா இன்னும் தேடுகிறா.

அப்பா ஆஸ்பத்திரியால் வந்து இரண்டாம் நாள். வலது கையில் பெருவிரல் மட்டும் மிச்சம். மற்ற நாலையும் ஐஸ் அரைக்கிற மிஷின் எடுத்துக்கொண்டது.

துறைமுகப் பக்கம் ஐஸ் கம்பனி. அப்பாவுக்கு அங்கே பதினொரு வருட வேலை. பெரிய ஐஸ் கட்டியை மிஷின் வாய்க்குள் தள்ளினால் உள்ளே பல்லுச் சக்கரம் நொறுக்கும், நொறுங்கினது மீன் படகுக்குப் போகும். அந்த வாய்க்கு ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி போட்டால் கட்டி மெதுவாய்த்தான் இறங்கும், படகுக்காரர் கத்துவார்கள். அதனால் முதலாளியே கழற்றச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல். மூடி பின்சுவரில் சாத்திக் கிடக்கிறது. கூட வேலை செய்கிற நஸார் நானா அதில் தான் உடுத்த சாரத்தைக் காயப் போடுவார்.

வீட்டில் ஆளாளுக்கு மூஞ்சையைத் தொங்கப் போட்டபடி. என்னால் ஏலாது.

"அப்பா, உங்கட கை இனி ஆரைக் கண்டாலும் லைக் போடும்."

அம்மா அகப்பையால் எறிந்தா. அப்பா சிரித்தார். கட்டுப் போட்ட கையை உயர்த்தி அம்மாவுக்கு ஒரு லைக் போட்டார். அம்மா குசினிக்குள் போய் அழுதா.

ஆஸ்பத்திரியில் இதைவிடப் பெரிய வேலை பார்த்தேன். பக்கத்துக் கட்டில் ஐயாவிடம், "நாளைக்கு உங்களுக்கு வயித்தில பதினாலு ஊசியாம், தாதி கதைச்சதைக் கேட்டனான்" என்றேன். மனிசன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அவருடைய யோகட் எனக்கு.

கம்பனியில் இருந்து அப்பாவைப் பார்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அப்பாவின் வலது கையாலேயே எண்ணலாம். ஒருவர். நஸார் நானா.

பின்னேரம் சி.வ., செவ்வாய் தோறும். அப்பாவுக்கு அது சிங்கள வகுப்பு. எனக்கு சிப்ஸும் வடையும். இரண்டு வருடமாக வகுப்புக் காசு அந்த வழியில்தான். ரவுண் கடற்கரையில் திரிகிற மான்களுக்கும் ஒரு பங்கு. ஓ/எல்லில் படித்த எழுத்து ஞாபகம் இருக்கிறது, கூட்டி வாசிப்பேன். பொருள்தான் வராது. வீட்டில் ஆருக்குத் தெரியப்போகிறது. பஸ் போர்டைப் பார்த்து இரண்டு சொல் எடுத்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு சாண் உயரம் கூடும்.

ஓகஸ்ட் 13, புதன்

இன்றைக்கு எண்ணிக்கை இரண்டாயிற்று. பெருவிரல் போதாது.

வந்தவர் கம்பனிக் கந்தோர்க்காரர். எங்கட ஊர்ப் பக்கம்தான், சாம்பல்தீவுச் சந்தியில் பஸ் ஏறுகிறவர். இந்த வெக்கையிலும் மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டிய சட்டை. பேர் வைத்துவிட்டேன்: முழுக்கை. அரைக்கையைப் பார்க்க முழுக்கை வந்தது. கையில் இரண்டு குலை முந்திரிகைப் பழம்.

"அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. கம்பனி உங்களைக் கைவிடாது."

கைவிடாதாம். விரல்களை மட்டும் விட்டுவிட்டது.

பிறகு பையைத் திறந்தார். இரண்டு பக்கக் கடுதாசி, முழுக்கச் சிங்களம். தலைமைக் கந்தோர் கொழும்பில், அச்சடித்த போம் எல்லாம் அப்படித்தான் வருமாம். தானே சொல்லுகிறேன் என்று தொடங்கினார். அப்பா விடவில்லை.

"வேண்டாம் தம்பி. என்ர மகள் வாசிப்பாள். ரெண்டு வருசமா வகுப்புக்குப் போறவள். தர்சி, இஞ்ச வா பிள்ளை!"

என்ன செய்ய? வாங்கினேன். கதிரையில் கால் மேல் கால். கண்ணை வரிவரியாக ஓடவிட்டேன். 'சமாகம' என்றால் கம்பனி. 'அத' என்றால் கை. இரண்டு சொல் தெரியும், மிச்சத்துக்கு நான் இருக்கிறேன்.

"உங்களுக்குக் காயம் பட்டது கம்பனிக்கு மெத்தக் கவலையாம் அப்பா. மருந்துச் செலவெல்லாம் அவையள் பாப்பினமாம். கை சுகமானதும் பாரமில்லாத வேலை தருவினமாம்."

முழுக்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புருவம் ஒருக்கா ஏறி இறங்கிற்று. பிறகு மெல்லச் சிரிப்பு.

"நல்லா வாசிக்கிறீங்கள், தங்கச்சி."

எனக்கு அது போதாதா? "மகளின்ர படிப்புச் செலவையும் கம்பனி பாக்குமாம்" என்று கடைசியில் ஒன்று சேர்த்துவிட்டேன். அவருக்குப் புரையேறிற்று. அம்மா தண்ணீர் கொண்டு ஓடினா.

"அதையும் வாசிச்சிட்டீங்களா?" என்றார்.

அப்பா இடக்கையால் கையெழுத்து வைத்தார். ஈர மணலில் நண்டு ஓடின மாதிரி. வாசித்து விளங்கப்படுத்தினவரும் வைக்க வேணும் என்றார் முழுக்கை. வைத்தேன். முழுப் பேர், கீழே இரண்டு சுழி, ஒரு புள்ளி. டொக்டர் கையெழுத்து தோற்றுப்போகும்.

போகும்போது கேற்றடியில் நின்று திரும்பி எனக்குக் கை காட்டினார்.

அவருக்கும் சிங்களம் வாசிக்க வராது போல. வந்திருந்தால் என்னைப் பிடித்திருப்பார். முந்திரிகைப் பழம் புளி.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். காற்று நின்றுவிட்டது. நஸார் நானா வந்தார், கொஞ்ச மீனோடு.

மிஷினுக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்களாம். மருந்துச் செலவு பற்றிக் கந்தோரில் ஆரும் கதைக்கவில்லையாம். அன்றைக்கு நடந்ததையும் சொன்னார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சிவந்த ஐஸைச் சவளால் அள்ளிக் கடலில் கொட்டிவிட்டு, வெள்ளையாய் இருந்த மிச்சத்தை ஏற்றினார்களாம். படகு நேரத்துக்குப் போயிற்று.

"அண்ணே, இத விடாதீங்க. வேலையில காயம் பட்டா முதலாளி நட்டஈடு குடுக்கணும். சட்டம் இருக்கு. லேபர் கந்தோருக்குப் போங்க."

"நான் ஏதோ கடுதாசியில கையெழுத்து வைச்சனான் நஸார்."

"என்ன எழுதியிருந்த?"

"நல்லதுதான். மகள் வாசிச்சவள்."

நான் மீனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

அங்கே நின்றபடி கேட்டேன். "மூடியைக் கழட்டச் சொன்னது முதலாளிதான் எண்டு வந்து சொல்லுவியா?" இது அப்பா. எட்டிப் பார்த்தேன். நஸார் நானா கால்விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கும் மூணு புள்ள அண்ணே."

செதில் எடுத்துக்கொண்டே அந்தக் கடுதாசியை நினைத்தேன். இரண்டு பக்கம் முழுக்கக் கவலைதான் படுகிறார்களா? இவ்வளவு கவலையா ஒரு கம்பனிக்கு?

ஓகஸ்ட் 26, செவ்வாய்

லேபர் கந்தோர். கொண்டு போனவை: அப்பாவின் அடையாள அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, எக்ஸ்ரே, அப்பா.

விசாரிக்கிற மிஸ் கிண்ணியாப் பக்கம். கதை கொஞ்சம், எழுத்துக் கூட. முறைப்பாட்டை எடுத்துக்கொண்டா. கம்பனியிடம் மறுமொழி கேட்டு, பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவாவாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா நல்ல கதை. நட்டஈடு வந்தால் றோட்டோரம் ஒரு சின்னக் கடை. நிலாவெளி பஸ்ஸில் போகிற வெள்ளைக்காரருக்குச் செவ்விளநீர், தண்ணீர்ப் போத்தில். "கடைக்கு ஒரு கை காணும் பிள்ளை. கணக்கும் சிங்களமும் நீ பாப்பாய்." இந்தக் காசு வராவிட்டால் அம்மா கருவாட்டு வாடியில் கூலிக்கு நிற்க வேணும். அதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னா.

இளநீர் வெட்ட இரண்டு கை வேணும். சொல்ல வாய் வந்தது. முதல் தரமாக ஒரு பகிடியை விழுங்கினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, வாளி இரண்டு.

தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். அப்பா நித்திரை. நான் வைத்து எடுத்தேன். (கையெழுத்து வைப்பதில் எனக்கு எப்பவும் அவசரம்.) உள்ளே இரண்டு துண்டு. ஒன்று விசாரணைத் திகதி, 18. மற்றது கம்பனியின் மறுமொழி. கூடவே நான் வாசித்த அந்தக் கடுதாசி, தமிழில் மாற்றி.

முக்கியமான இடத்தை இருக்கிறபடியே எழுதுகிறேன்:

"மிஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்ற வேண்டாமென்று எனக்கு எழுத்திலும் வாயாலும் சொல்லப்பட்டிருந்தது. அதை மீறி நானே என் விருப்பத்தில் கழற்றினேன். விபத்துக்கு நானே பொறுப்பு. கம்பனியிடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை."

கீழே அப்பாவின் நண்டு. அதற்குக் கீழே: "மேற்கண்டதைச் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் சரியாக விளங்கப்படுத்தினேன்." என் பேர். இரண்டு சுழி, ஒரு புள்ளி.

முழுக்கைக்குச் சிங்களம் வரும். நல்லாய் வரும். நான் ஒவ்வொரு பொய்யாக எடுத்துவிட, அவர் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்கு ஆரும் இப்படி ஒரு பகிடி விட்டதில்லை.

செய்யக்கூடியவை:
1. அப்பாவிடம் சொல்லுவது.
2. அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லுவது.
3. 18ஆம் திகதி காய்ச்சல்.
4. ஒரு கிழமைக்குள் சிங்களம் படிப்பது.

நாலாவதைத் தொடங்கினேன். அரைப் பக்கம்.

திகதித் துண்டை அப்பாவிடம் கொடுத்தேன். மற்றது இரசாயனவியல் கொப்பிக்குள். "வேற ஒண்டும் வரேல்லையா?" "இல்லை அப்பா." "நல்ல காலம்" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டு விட்டு. இப்போது பின்னேரம் ஐந்து மணி. எழுதி முடிக்க வேணும்.

காலையில் அம்மா அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை பூட்டிவிட்டா. கடைசி வரை என் வாய் திறக்கவில்லை.

விசாரணை அறை. மேசை, அந்தப் பக்கம் மிஸ், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அங்காலே முழுக்கை. மிஸ் தமிழில் வாசித்தா. அப்பா இடையில் எழும்பிவிட்டார்.

"இல்லை மிஸ், இது வேற கடுதாசி. மகள் வாசிச்சது இது இல்லை."

"கையெழுத்து உங்கடதா?"

"ஓம்."

"கீழ உள்ளது?"

எழும்பினேன். "என்ர, மிஸ். ஆனா எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அண்டைக்கு நானே கட்டிச் சொன்னனான்."

அப்பா சிரித்தார். உண்மையாகச் சிரித்தார். "மிஸ், இவள் இப்பிடித்தான். எதுக்கும் பகிடி. தர்சி, இஞ்ச விளையாடாத."

"பகிடி இல்லை அப்பா."

மிஸ் மேசையில் கிடந்த ஒரு சுற்றறிக்கையைத் தந்தா. "வாசிங்க புள்ள." எழுத்துக் கூட்டினேன். மூன்று சொல். நின்றுவிட்டேன்.

"தெரியாத மாதிரி நிக்கிறது லேசுதானே மிஸ்" என்றார் முழுக்கை. "அண்டைக்குத் தண்ணி மாதிரி ஓடினது."

"நீங்களும் இருந்தீங்கதானே. பிழையாச் சொல்றா எண்டு உங்களுக்கு வெளங்கல்லயா?"

"நான் கவனிக்கேல்லை மிஸ். அண்ணையின்ர கையைப் பார்த்துக் கவலையில இருந்தனான்." என்னைப் பார்க்காமலே மேலும் சொன்னார்: "தெரியாமல் வைச்சதெண்டால் தங்கச்சி பொய்க் கையெழுத்து வைச்சிருக்கிறா. அது வேற கேஸ். கம்பனி பொலிஸுக்குத்தான் போகும்."

"அத நான் பாக்குறன். நீங்க சும்மா இருங்க." மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அப்பாவின் காதில் விழுந்தாயிற்று.

மிஸ் அப்பாவின் பக்கம் திரும்பினா. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "ஐயா, தொழிலாளி தன்ட உரிமைய எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது. கோரிக்கை இல்ல எண்ட வரிய நான் கணக்கெடுக்கமாட்டன். ஆனா, சொல்லச் சொல்லக் கேக்காம மூடிய நானே கழட்டினன் எண்டு நீங்க வெளங்கிச் சொல்லியிருந்தா நட்டஈடு இல்லாமப் போகும். வெளங்காம வெச்சிருந்தா வேற கதை. அத நீங்கதான் சொல்லணும். புள்ள உங்களுக்குச் சரியா வாசிச்சாவா, இல்லயா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவர் முகத்தில் இருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது தெரிந்தது. இரண்டு வருடம், எத்தனை செவ்வாய், எல்லாம் சேர்ந்து இறங்கினது. சிரிப்பு மட்டும் மறந்துபோய் வாயில் நின்றது.

"சரியாத்தான் வாசிச்சவள் மிஸ்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதினா எழுதினதுதான்."

"எழுதுங்கோ. என்ர பிள்ளை வாசிச்சவள். எனக்கு எல்லாம் விளங்கித்தான் வைச்சனான்."

"அப்பா!" என்றேன்.

"நீ இரு."

மிஸ் பேனையைக் கடுதாசியில் வைத்தபடி கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தா. பிறகு எழுதினா. அப்பா கையெழுத்து வைத்தார். மூன்று மாதத்தில் இடக்கை நல்லாய்ப் பழகிவிட்டது. வடிவான கையெழுத்து.

வெளியே முழுக்கை குடையை விரித்து, "பஸ் வரைக்கும் வாறீங்களா அண்ணை?" என்றார்.

பஸ்ஸில் அப்பா முன் சீற். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வீட்டில் அம்மாவிடம், "சரிவரேல்லை." அவ்வளவுதான். வகுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்கிற கையைத்தான் மிஷின் கொண்டுபோனது.

இந்தப் பகிடியை எழுதிவிட்டு வெட்டப் பார்த்தேன். கிடக்கட்டும்.

நவம்பர் 20, வியாழன்

காலையில் இருந்து இருட்டு. கடல் இரைகிறது. அம்மா வாடிக்குப் போய்விட்டா, முதல் நாள்.

அப்பா இரண்டு நாளாக எல்லாரோடும் நல்லாய்க் கதைக்கிறார். என்னோடும்தான். "சாப்பிட்டியா?" "குடை கொண்டு போ." செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

இப்போது முன்னுக்கு ஆரோ வந்திருக்கிறார்கள். மலர் அக்காவின் குரல், பின் ஒழுங்கையில் இருக்கிறவ. அவவின் புருசன் போன கிழமை நிலாவெளியில் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் ஏறி நின்ற சாரத்தில் இருந்து விழுந்து, இன்னும் ஆஸ்பத்திரியில். கடுதாசி ஒன்று கொண்டு வந்திருக்கிறா போல.

"முழுக்கச் சிங்களமாக் கிடக்கண்ணை. நாளைக்குக் காலமை கையெழுத்து வேணுமாம். அந்தாள் கையால பிடிக்கவும் ஏலாமல் கிடக்கு, என்னை வைக்கச் சொல்லினம்."

"அதுக்கென்ன மலர். என்ர மகள் இருக்கிறாள்தானே."

"பிள்ளைக்கு நல்லாத் தெரியுமோ?"

"லேபர் கந்தோரிலயே எழுதி வைச்சிருக்கினம், அவள் சரியா வாசிப்பாள் எண்டு. நான்தான் கையெழுத்து வைச்சனான்."

கதிரை இழுக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

"தர்சி! வெளியால வா பிள்ளை. வரேக்க உன்ர பேனையையும் கொண்டு வா."