தண்ணீர் விட ஆள் வேண்டாம்

ஜூன் 2, திங்கள்

மகள் போன் செய்தாள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். "பிரசவத்துக்கு நீ என்கூட இருக்கணும்மா. ஒரு மாசமாவது இரு. தோட்டம் கீட்டம்னு ஆரம்பிக்காத."

ஆரம்பிக்கத்தான் செய்தேன். புல்தரை இப்போதுதான் வேர் பிடித்து வருகிறது. போன கோடையில் நான் வெளியூர் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் தோட்டத்தைக் காயவிட்டு, நான் திரும்புவதற்கு முதல் நாள் குளமாக்கி வைத்திருந்தார். ஒரு ரோஜாகூடத் தேறவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்குகிறவரை நம்பி எதை விட்டுப் போவது?

மகளா, தோட்டமா? கேள்வியே அசிங்கம். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

கடையில் ஒரு கன்ட்ரோலர் பார்த்தேன். தெளிப்பான்களை அதுவே திறந்து மூடுமாம். நம் பழைய டைமர் மாதிரி கொட்டுகிற மழையிலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்காது. வானிலையைப் பார்த்து, வெயிலுக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும். வாங்கிவிட்டேன்.

"பொருத்த ஆளைக் கூப்பிடு. ஷாக் கீக் அடிச்சுடப் போகுது" என்றார் இவர்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து தையல் மெஷினைக் கழட்டி மாட்டுறவ நான். நீங்க ஒரு பல்பு மாத்தி நான் பார்த்ததில்ல."

பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மெயினை அணைத்தேன். பழைய டைமரைக் கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் ஒரு நிற நூலைக் கட்டினேன். புல்தரைக்குப் பச்சை, ரோஜாவுக்குச் சிவப்பு, பக்கத்துச் செடிகளுக்கு மஞ்சள், எல்லாவற்றுக்கும் பொதுவான வயருக்கு வெள்ளை. தையல்காரி புத்தி. ஒன்றுகூட மாறவில்லை.

பிறகு போனில் கன்ட்ரோலரின் ஆப்பைத் திறந்தால் கேள்வி மேல் கேள்வி. மண் களியா, மணலா? தரை சரிவா, சமமா? வெயிலா, நிழலா? சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

மழையை அறியும் சென்சாரை முன்சுவர் மேல் எடுப்பாக வைத்தேன். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டுமே. பட்டனை அழுத்தியதும் புல்தரையில் தண்ணீர் பீச்சி எழுந்தது. தனியாக நின்று கை தட்டினேன். என் வீட்டில் எனக்கென்ன வெட்கம்!

ஜூன் 11, புதன்

புல் ஓரமெல்லாம் மஞ்சள். போனைப் பார்த்தால், 'மழை பெய்தது, இன்று தண்ணீர் இல்லை' என்கிறது. மழையா! வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

இவர்தான் எதையோ நோண்டியிருக்க வேண்டும். கேட்டால், "நான் அந்தப் பக்கமே போகல" என்கிறார். தொடாமலா கெடும்? நன்றாகத் திட்டிவிட்டேன். மகள் வேறு, "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல? இது சரியாகாவிட்டால் நான் எப்படிப் போவேன், எல்லாவற்றையும் காயவிட்டுவிட்டா?

ஜூன் 12, வியாழன்

பிடித்துவிட்டேன்!

காலையிலேயே புல்தரை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெளிப்பான் சுற்றத் தொடங்கியது. சுற்றி வந்து சுவர் மேலிருந்த சென்சாரில் ஒரு பீச்சு. அடுத்த சுற்றில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கப்பென்று நின்றது. தானே தண்ணீரைத் தெளித்துவிட்டு, மழை வந்துவிட்டதென்று கடையைக் கட்டிவிட்டது! எடுப்பாக இருக்கட்டும் என்று நான் பெருமைக்கு எருமை மேய்த்ததுதான் காரணம்.

ஏணி போட்டு, தெளிப்பான் எட்டாத கூரை விளிம்புக்குச் சென்சாரை மாற்றினேன். இவர் கீழே பிடித்துக்கொண்டார்.

"நான் நோண்டலன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. தப்பு என்னோடதுதான். ஏணியை ஆட்டாதீங்க."

ஜூன் 17, செவ்வாய்

இன்று நிஜமான மழை. தெளிப்பான் வாயே திறக்கவில்லை. புல்லும் பச்சை பிடித்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

பேத்தி! வலி எடுத்ததிலிருந்து மகள் என் கையை விடவில்லை. அவள் நகம் பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. நான் வராமல் இருந்திருந்தால்?

ஜூலை 4, வெள்ளி

காலையில் மகள் வீட்டுக் கதவைத் திறந்தால், பெட்டியோடு இவர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்.

"அங்க எனக்கு என்ன வேலை? தண்ணி அதுவா விடுது, மழை வந்தா அதுவா நிறுத்துது. என்னைச் சீண்ட ஆளில்ல. கிளம்பி வந்துட்டேன்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாவும் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

மாலையில் சம்பந்தி வந்திருந்தார். கூடத்திலிருந்து இவர் குரல் உள்ளறை வரை கேட்டது. "ஆளெல்லாம் கூப்பிடலைங்க. அந்தத் தண்ணி விடுற மெஷினை முழுசா இவளே மாட்டினா. எனக்கு அதுல தலையும் புரியல, வாலும் புரியல."

"அவங்களா?" என்றார் சம்பந்தி.

"அவளேதாங்க!" என்று அதட்டாத குறையாகச் சொன்னார் இவர்.

இத்தனை வருடத்தில் இவர் என்னைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேத்தி மடியிலேயே தூங்கிவிட்டாள். எழுந்து போய்க் காபி போட்டிருக்கலாம். இன்னொரு தடவை சொல்வாரோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.