விலை போடாத புத்தகம்

கல்லடி
19.9.1993

அன்பு மகள் புஸ்பத்துக்கு அம்மா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடித் திரிகிறோம், அங்கே டென்மார்க்கில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்தபாடில்லை, அந்தக் காலோடுதான் இன்னமும் அச்சு மெசினை மிதிக்கிறார், நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறது. கரண்ட் ஒழுங்காக வருவதில்லை, ஆனால் கால் மெசினுக்குக் கரண்ட் எதற்கு என்று அதிலும் ஒரு பெருமை அவருக்கு.

உன் கடிதம் கிடைத்தது மகள். தம்பியைப் பற்றி நீ எழுதியதை நான் வாசித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மெசின் அறைக்குள் போய் ஈய எழுத்துகளைப் பிரித்துப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார், பதில் எழுத வேண்டியது நான்தான் என்று விளங்கிக்கொண்டேன். தம்பி யோகராசாவை வந்தாறுமூலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோய் மூன்று வருசம் ஆகிவிட்டது, இனியும் ஒன்றும் செய்யாமல் இருப்பது அவனுக்கே பாவம், சடங்கைச் செய்து அவன் படத்தோடு நினைவுப் புத்தகமாக ஒரு கல்வெட்டும் அடியுங்கள், அதில் கொஞ்சம் இங்கே அனுப்பினால் நம் ஆட்களுக்குக் கொடுக்கலாம், செலவு என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அங்கே தனியாக இருந்து எத்தனை தரம் அழுதுவிட்டு எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதைக் கேட்டுவிட்டுச் சொல்லு.

நாங்கள் அவனுடைய கதைகளை ஒரு புத்தகமாக அடித்தோம். நீ வாசித்திருக்கிறாயோ தெரியாது, எல்லாம் சிரிப்புக் கதைகள், கிண்ணையடிக்குப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை தோணி கவிழ்ந்து ஈர வேட்டியோடு பெண்வீட்டு வாசல் படலையில் நிற்கிற கதையை அவன் எனக்கு வாசித்துக் காட்டியபோது நான் சிரித்துச் சிரித்து அடுப்பில் வறுத்த அரிசியைக் கருக்கிவிட்டேன். அந்தக் கதையின் பெயரையே புத்தகத்துக்கு வைத்தோம், கிண்ணையடி மாப்பிள்ளை. அவன் இருந்தபோதே அப்பா முதல் இரண்டு கதைகளுக்கு எழுத்துக் கோத்து வைத்திருந்தார், பிறகு கையே வைக்கவில்லை. உனக்குத் தெரியும்தானே, இந்த மூன்று வருசமும் நம் அச்சகத்தில் கல்வெட்டைத் தவிர வேறு வேலை இல்லை. ஊரில் சாவு விழ விழத்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதைச் சொல்லவே வாய் கூசுகிறது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வாற சனத்துக்குக் கொடுக்க என்று பிள்ளைகளின் படத்தைக் கொண்டுவந்து தருகிற தாய்மாரை நான்தான் கதிரை போட்டு இருத்துகிறேன். ஒரு நாள் நான் அப்பாவிடம் சொன்னேன், செத்தவர்களுக்கே அடித்துக்கொண்டு இருக்கிறோம், இருக்கிறவனுக்கும் ஒன்று அடியுங்கள் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுநாள் காலையில் மூன்றாவது கதையைக் கோக்கத் தொடங்கிவிட்டார்.

படத்தை அட்டையில் போடச் சொன்னது நான். அப்பாவுக்கு விருப்பமில்லை, கதைப் புத்தகத்துக்கு ஆர் ஆசிரியர் படத்தை முன்னுக்குப் போடுவார்கள் என்றார். நான் விடவில்லை. புத்தகத்தை நானே பைக்குள் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து விற்கப் போகிறேன், பார்க்கிறவர்களில் ஒருவராவது இந்தப் பிள்ளையை இன்ன இடத்தில் கண்டேன் என்று சொல்லமாட்டார்களா என்று பிடிவாதம் பிடித்தேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் படத்தைக் கொடுத்து அச்சடிக்கப் புளொக் செய்வித்தோம். நீல ரீசேட் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படம்தான்.

முதல் நாள் பாலத்தடியில் சோதிக்கிற ஆமிக்காரன் பையைத் திறந்து படத்தைக் காட்டி ஆர் என்று கேட்டான். மகன் என்றேன். இப்ப எங்கே என்றான். அதைத்தான் தம்பி நானும் கேட்டுக்கொண்டு திரிகிறேன் என்று சொன்னேன், அவ்வளவு தமிழ் அவனுக்கு விளங்கவில்லை, போகச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியாதது. எந்த வீட்டில் புத்தகத்தை நீட்டினாலும் பொம்பிளைகள் அட்டையைப் பார்த்த உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எப்ப செய்தி வந்தது என்று கேட்கிறார்கள். தேத்தண்ணி ஊற்றித் தருகிறார்கள். காசு என்று வாயைத் திறந்தால், கல்வெட்டுக்கும் காசு வாங்குறாளே, பாவம் மனுசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பாவின் கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. படத்தைச் சுற்றிக் கல்வெட்டுக்குப் போடுகிற அதே கறுப்புப் பூக்கரை. உள்ளே பிறந்த திகதிக்கு மேல் தோற்றம் என்று போட்டிருக்கிறார், நல்ல காலம் மற்றதைப் போடவில்லை. நானும்தான் புரூப் பார்த்தேன், என் கண்ணிலும் படவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது.

வாழைச்சேனைக்குப் போனபோது தம்பியோடு படித்த பிள்ளையின் தாய் சீதேவி ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் தண்ணி குடிக்க எழும்பிப் போய்ப் பார்த்தால், செத்துப்போன தன் மகனின் படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்து விளக்குக் கொளுத்துகிறாள். ரெண்டும் ஒண்டாப் படிச்ச புள்ளயள், நான் வைக்காம ஆருகா வைக்கிற என்று அழுகிறாள். நான் பூவைத் தட்டிவிட்டுப் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் படலை வரைக்கும் பின்னால் வந்து நின்றாள். அவளோடு கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது, என் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைத்துத்தானே செய்தாள். ஆனாலும் பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை மடிக்குள் வைத்துப் பொத்திக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் சொன்னேன், அவர், ஊரே அப்படி நினைக்குது, நாமதான் ஒள்ளமும் விளங்கிக்கொள்ளல்லப் போல என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமைதான் காத்தான்குடி மீராசாஹிப் அச்சடிக்கிற பேப்பர் கொண்டுவந்தார். முன்பு வந்த வியாபாரி இப்போது வருவதில்லை, இவர் புது ஆள், நம் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவைகளுக்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வருவதும் நாங்கள் அந்தப் பக்கம் போவதும் எவ்வளவு குறைந்துவிட்டது என்று உனக்குத் தெரியும், அதனால் இரண்டு பக்கமும் அளந்துதான் பேசுவோம். அப்பா பேப்பரை எண்ணி எடுக்கும் மட்டும் அவர் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு புத்தகத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார் மகள். அவர்களில் கல்வெட்டு அடிக்கிற வழக்கம் இல்லைத்தானே, அவருக்கு அது வெறும் கதைப் புத்தகம். பூக்கரையை அவர் கவனிக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன சேர் விலயக் காணல்ல, இது எவ்வளவு என்று கேட்டார். அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்து, விலை போட அயத்துப்போயிட்டன் என்றார். மீராசாஹிப் விடாமல், இந்தத் தம்பி அடுத்தது என்ன எழுதுறாரு, வந்தா எனக்கும் ஒண்டு எடுத்து வைங்க என்றார். மூன்று வருசத்தில் என் பிள்ளையைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். நான் அடுப்படிக்குள் போய் வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு அழுதேன். அப்பா விசயத்தைச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது மீராசாஹிப் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எழும்பிப் போகும்போது இருபத்தைந்து ரூபாவை வாங்கில் வைத்து, விலயப் போடுங்க சேர், விலை இல்லாட்டி புத்தகமெண்டு ஆரு நம்புவாங்க என்று மட்டும் சொன்னார்.

அப்பா அட்டை எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக அடித்தார். பூக்கரை இல்லை. படம் பின்பக்கம் போய்விட்டது. முன்னுக்குப் பெரிய எழுத்தில் விலை. நான் திரும்பவும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். இப்போதும் சிலர் அழத்தான் அழுகிறார்கள், ஆனால் அழுதுகொண்டே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்கள். கல்குடாவில் ஒரு மனுசன், இந்தச் சின்னப் புத்தகத்துக்கு இருவத்தஞ்சு ரூபாவா, பத்துக்குத் தாகா என்று சண்டைக்கு வந்தார், எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நான் ஒரு சதமும் குறைக்கவில்லை. கடைசியில் புறுபுறுத்துக்கொண்டு வாங்கிவிட்டுப் போனார். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அதே அளவுக்கு அழுகையும் வந்தது. ஏனென்றால் இத்தனை வீடு ஏறி இறங்கியும் அவனைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை மகள். ஒருவரும்.

எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. கல்வெட்டுக்குப் படம் கொண்டுவருகிற தாய்மாரின் முகத்தைப் பார்க்கும்போது நாளைக்கு நான் இந்தக் கதிரையில் இருப்பேனோ என்று நினைக்கத்தான் செய்கிறேன். அப்படி ஒரு நாள் வந்தால் நானே உனக்கு எழுதுவேன், நீ சொல்ல முதல் எழுதுவேன். இப்போது என்னால் முடியாது. தாய்க்கு முதல் ஊர் முடிவு எடுக்கட்டும், தாய் கடைசியாக எடுக்கட்டும். சடங்கைப் பற்றி இனி எழுதாதே.

பிள்ளைகளுக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வைக்க மறக்காதே, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வெளியில் விடாதே. மருமகனை வேலை வேலை என்று நித்திரை முழிக்க விடாதே. தமிழ் கதைத்துப் பழக்கு. நீயும் ஒழுங்காகச் சாப்பிடு, போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. பிள்ளையார் உங்கள் எல்லாரையும் கைவிடமாட்டார், நீங்கள் நூறாண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. அங்கே உள்ள நம் ஆட்களுக்குக் கொடுக்க அனுப்பச் சொன்னாயே, சும்மா கொடுக்க ஒரு புத்தகமும் இல்லை. உனக்கும் இல்லை. நீ அனுப்புகிறேன் என்ற சடங்குக் காசு வேண்டாம், இருபத்தைந்து ரூபாவும் தபால் செலவும் மட்டும் அனுப்பு. தம்பியின் புத்தகத்தை நீ விலைக்கு வாங்கு மகள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னப்பூரணி நல்லரத்தினம்