ஆகாசத்தின் ஒரே குணம்

ஜூன் 9, ஞாயிறு

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இன்று பஞ்சபூதத்தைப் பற்றிப் பேசி அனுப்பினேன். மண்ணுக்கு ஐந்து குணம், தண்ணீருக்கு நான்கு, நெருப்புக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு. ஆகாசத்துக்கு ஒன்றே ஒன்று – ஓசை. வெற்றிடத்திலும் அதிர்வு உண்டு என்று விஞ்ஞானி இன்றைக்குக் கோடி கோடியாய்க் கொட்டிக் கண்டுபிடிக்கிறான். நம்மாள் கோவணத்தோடு உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டான். எட்டாவதோடு நின்ற நான் இதைச் சொன்னபோது, எங்கள் இரும்பு மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரன் எழுந்து நின்று கும்பிட்டான். சரி, எழுந்து நின்றான். டீ வந்திருந்தது.

பேசியதை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டியதாயிற்று. சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்துக் கன்னியம்மா அடுப்படியிலிருந்து குரல் விடுகிறாள். "யோவ், ஆகாசத்த அப்பால அளந்துக்கலாம், சோறு ஆறுது!" எப்போதும் இப்படித்தான். அவள் குரல் விழுந்ததையெல்லாம் அழித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவேன். கொஞ்ச நாளாக அவள் தொண்டை கரகரவென்று இருக்கிறது. இருந்தும் மாடிவரை எட்டுகிறது.

ஜூலை 3

கரகரப்பு விடவில்லை. சென்னைக்கு அழைத்துப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தொண்டையில் இருப்பது விசுத்தி என்னும் சக்கரம், அதன் பூதம் ஆகாசம், நீங்கள் தைராய்டு என்பது அதைத்தான் என்று டாக்டரம்மாவுக்கு விளக்கினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கன்னியம்மா விடவில்லை.

"டாக்டரம்மா, இவுருக்கும் ஒரு குழா உட்டுப் பாருங்க. இவ்ளோ பேச்சு எங்கேர்ந்து வர்துன்னு தெரிட்டும்."

டாக்டரம்மா சிரித்தார். நானும்தான்.

ஜூலை 15

புற்று.

ஜூலை 16

நேற்று எழுத முடியவில்லை.

குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு. உயிருக்குப் பயமில்லை, குரல் இருக்காது. பிறகு ஏதோ கருவி வைத்துப் பழகிப் பார்க்கலாமாம், எல்லோருக்கும் ஒத்து வராதாம். கொஞ்சூண்டாவது விட்டு வைக்க முடியாதா என்று கேட்டேன். பேரம் பேசுகிற மாதிரி. டாக்டரம்மா என் தோளைத் தொட்டார்.

ரயிலில் எங்கள் கவரைப்பேட்டை வரும்வரை ஸ்டேஷன் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவள் சொன்னாள்: "இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற? இனிமே உனுக்கு ஜாலிதான். மாடி ஏற வேணாம்."

ஜூலை 28, ஞாயிறு

மச்சான் மகன் ஜெகன் வந்திருந்தான். கல்லூரியில் பௌதிகம் படிக்கிறவன். அவனிடம் தைரியமாகத்தான் பேசினேன். ஆற்றலுக்கு அழிவில்லை, ஓசையும் ஆற்றல்தான், ஆகவே உங்கள் அத்தை இத்தனை வருஷம் பேசியது அத்தனையும் ஆகாசத்தில் இருக்கிறது. சித்தரும் சொன்னார், விஞ்ஞானியும் சொன்னார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அழியாது மாமா. ஆனா சத்தமா இருக்காது. செவுத்துல, காத்துல பட்டு, கடைசில சூடாயிடும்."

"எவ்ளோ சூடு?"

"அளக்கவே முடியாது மாமா. அவ்ளோ கம்மி."

சிவக்கக் காய்ந்த இரும்பைக் கிரேனில் தூக்குகிறவன் நான். எனக்குச் சூட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். கோபம்கூட வந்தது. போகும்போது வாசலில் மெதுவாகச் சொன்னான்: "ஆபரேசனுக்கு முன்னாடி அத்தை பேசறத போன்ல எடுத்து வெச்சிக்கோங்க மாமா."

அவன் போனதும் போனைத் தோண்டினேன். நான், நான், நான். அத்தனையும் சுத்தமாக இருக்கிறது. அவள் ஒன்றில்கூட இல்லை.

ஆகஸ்ட் 6

ஆஸ்பத்திரி. நாளை ஆபரேஷன். இன்று சாயந்திரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குரலைப் பதிந்துவிட்டேன். போனை அவள் தலையணையில் வைத்து எடுத்தேன். நல்லபடியாக வந்திருக்கும்.

ஆகஸ்ட் 7

உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகில் திரும்பி ஏதோ சொன்னாள். தள்ளுவண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்துத் துளையில் வெள்ளைத் துணி. துணியைத் தாண்டி மூச்சு விசில் மாதிரி வருகிறது. உதட்டை அசைக்கிறாள், எனக்குப் புரியவில்லை. கோபப்பட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளுக்கு எழுதவும் வராது, கையெழுத்து மட்டும்தான்.

அவள் தூங்கியதும் தெருமுனைக்குப் போய் அன்றைக்குப் பதிந்ததைக் கேட்டேன்.

"இப்போது நீங்கள் கேட்கப்போவது கன்னியம்மா தேசப்பன் அவர்களின் குரல்." இது நான். அப்புறம் குரல் என்றால் என்ன, நாபியிலிருந்து எழும்பும் நாதம், ஆகாசத்தின் குணம். நான். ஜெர்மன்காரன்கூட வருகிறான். இந்த முறை இரண்டு பேர் கும்பிடுகிறார்கள். நான். நர்சம்மா வந்து நேரமாச்சு என்கிறார். அதற்கும் பதில் நான்தான். எல்லாம் தீர்ந்தபிறகு, காற்றுக்கும் கரகரப்புக்கும் நடுவில் ஒரே ஒரு வார்த்தை.

"முடிச்சியா?"

அவ்வளவுதான். அவ்வளவேதான் இருக்கிறது. அடப்பாவி தேசப்பா, வாய மூடிக்கினு ஒரு நிமிசம் உக்காந்திருக்கக் கூடாதா நீ?

செப்டம்பர் 10

வேலைக்குப் போகிற ரயிலில் எட்வர்ட் கேட்டான். பக்கத்து மில்லில் வெல்டர், என் சொற்பொழிவுக்குத் தினசரி எதிர்க்கட்சி. "இன்னா நைனா, ஆகாசத்துக்கு லீவா? கம்பார்ட்மென்ட்டே பேஜாரா கீது. ஒரு சித்தரையாவது எட்து உடேன், நா திட்டணும்." முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனே புரிந்துகொண்டு தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை என் கையில் வைத்தான். கும்மிடிப்பூண்டிவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அடுப்படிச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. மேற்கு வெயில் என்பான் ஜெகன். எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவள் பார்த்துவிட்டாள். இன்னா என்று கையை விரித்தாள். பல்லி என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான். டங்கென்று தட்டில் கரண்டியால் தட்டினாள். நிமிர்ந்தேன். ஒரு கையால் மேலே காட்டினாள், ஆகாசத்தை. இன்னொரு கையால் என் வாயை. எனக்குப் புரிந்தாலும் புரியாத மாதிரி இருந்தேன். மறுபடி டங்.

பேசினேன். முதலில் ஓட்டமே இல்லை. மண்ணுக்கு ஐந்து குணம், தண்ணீருக்கு நான்கு. அவள் திட்டுகிற இடம் எனக்கு மனப்பாடம். அங்கே அங்கே நிறுத்தினேன். நிறுத்திய இடத்திலெல்லாம் அவள் உதடு அசைந்தது, கழுத்துத் துணி துடித்தது. சோறு ஆறுது என்கிறாள். நெருப்புக்கு மூன்று. அளந்தது போதும் என்கிறாள். ஜெர்மன்காரனைக் கொண்டுவந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், சத்தமே இல்லாமல். எனக்கும் வந்தது, ஆனால் அது சிரிப்பில்லை.

ஆகாசத்தின் குணத்துக்கு வந்தபோது நின்றுவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. போனில் இருக்கிற அந்த ஒரே வார்த்தை.

"இல்ல மே," என்றேன். "இன்னும் கீது."