மாமாவிடமே கேட்ட டாக்டர்

அன்பு அக்கா,

நீ போனபின் இரண்டு கார்த்திகை தீபம் பார்த்துவிட்டோம். மாமா இன்னும் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்தில் நீ விறுவிறுவென்று முன்னால் போய், அடி அண்ணாமலை டீக்கடையில் அவருக்காகக் காத்திருப்பாய். உனக்குப் பிறகு அவர் தினமும் கிரிவலம் கிளம்பினார். "சாமி கூப்பிடுதுப்பா, குடுத்து வெச்சவரு" என்றார்கள். நானும் பூரித்துப்போனேன். வேறு ஊராக இருந்தால், உச்சிவெயிலில் செருப்பில்லாமல் நடக்கும் பெரியவரை யாராவது நிறுத்தி விசாரித்திருப்பார்கள். இங்கே யார் கேட்பார்கள்? ஒருநாள் சொந்த வீட்டு வாசலையே தாண்டி அடுத்த சுற்றுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

மறதி நோய் என்றார்கள். முதலில் பார்த்த டாக்டர் நடையை நிறுத்த மாத்திரை கொடுத்தார். நடை நின்றது. சோற்றைக் கையில் பிசைந்தபடியே தூங்கினார் மாமா. அடுத்தவர் சென்னையில் பெரிய பெயர். ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்க்கவே இல்லை. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாதா?

பிறகுதான் வேலூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தோம். நான் வாயைத் திறந்ததும் கையமர்த்திவிட்டு, மாமா பக்கம் திரும்பினார்.

"ஐயா, தினம் எங்க போறீங்க?"

"எம் பொண்டாட்டி முன்னாடி போயிட்டாம்மா. டீக்கடையில நிப்பா. லேட்டானா திட்டுவா."

இத்தனை நாளில் இதை அவரிடம் யாருமே கேட்கவில்லையே அக்கா, நானும்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

ரத்தப் பரிசோதனை செய்து, தூக்க மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். "குணமாகிடும்னு பொய் சொல்ல மாட்டேன். நடக்கட்டும், தனியா மட்டும் விடாதீங்க" என்றார். இனி இவர்தான் நம் டாக்டர் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது காலையில் இருவருமாகப் போகிறோம். அடி அண்ணாமலை வரை நடை, மீதிச் சுற்று ஆட்டோவில். "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்பார் மாமா. அது எனக்கில்லை, உனக்கு. அந்த டீ ஆறும்வரை சாலையையே பார்ப்பார்.

"உங்க அக்கா எங்க மச்சான்?"

ஒருமுறை உண்மையைச் சொன்னேன். அன்றுதான் நீ போனதுபோல் அழுதார். இப்போது நானும் கேட்கப் பழகிவிட்டேன். "லேட்டா வந்தா அக்கா எப்பிடி மாமா திட்டும்?" உன்னைப் போலவே திட்டிக் காட்டிச் சிரிக்கிறார்.

அவர் கையை விடமாட்டேன் அக்கா. உன் டீயும் வீணாகாது. சக்கரை ஜாஸ்தி கேட்கிறவன்தான் நான், ஆனாலும் ஆறிப்போன அந்த டீயைத் தினமும் நானே குடிப்பேன்.

பெஞ்சில் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் தம்பி