மழைச் சளி என்று நான் எழுதியது

இழுப்பறையைத் திறந்ததும் உன் மஞ்சள் வாசம் அடிக்கிறது. முதல் நாள் உன் கழுத்தில் ஒட்டியிருந்த சென்சார் பட்டை இது. பசைப் பக்கமெல்லாம் மஞ்சள். கடைசியாக ஒட்டியதைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. நாளை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அதனால்தான் இதைத் தேடி எடுத்தேன்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். இருபது வருஷம் கழித்து, சேலத்தில் என் குரல் சிகிச்சை அறையில் வந்து நின்றாய். குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. "முந்தான தறியில சிக்கிக்கிச்சு புள்ள" என்றாய். திருச்செங்கோட்டில், விசைத்தறி ஓடும் வீட்டில் நடக்கக்கூடியதுதான் என்று நம்பினேன். கழுத்து நிறைய மஞ்சள் பூசியிருந்தாய். பட்டை ஒட்டாது, துடை என்று கத்தினேன். நீ காசளவு இடம் மட்டும் துடைத்துக் காட்டினாய். மீதி மஞ்சளுக்கு அடியில் என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கருவி அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. தினமும் காலையில் வீட்டிலேயே பட்டையை ஒட்டி, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கி, நீளமாக ஒரு 'ஆ' சொல்ல வேண்டும். தொண்டையின் அசைவையும் குரலையும் செல்போன் அனுப்பிவிடும். செயற்கை நுண்ணறிவு அதை அலசி, எவ்வளவு தேறியிருக்கிறாய் என்று எனக்குக் கோடு போட்டுக் காட்டும். "நான் வாயத் தொறக்கோணும்னு காத்திருக்கறது இந்த மெசினு ஒன்னுதான்" என்று சிரித்தாய்.

கோடை முழுக்கக் கோடு ஏறியது. கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தாய். ஆடியில் மழை பிடித்ததும் கோடு சரிந்தது. விழுங்கும்போது தொண்டை இறுகுகிறது, குரல் நடுங்குகிறது என்று மெஷின் சிவப்புக் காட்டியது. போன் செய்தேன். "மழ புள்ள, சளி" என்றாய். பின்னால் ஓர் ஆண் குரல், "யாரு போன்ல?" என்றது. நான் மெஷினின் 'காரணம்' என்ற கட்டத்தில் 'மழைச் சளி' என்று தட்டினேன். கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னேன், பெரிய வைத்தியக்காரி!

வடக்கே மழை பிடித்தால் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை நின்று, அதைத் துளைக்கும் ரிக் லாரிகள் ஊர் திரும்பும். ரிக்கோடு போன உன் புருஷனும் திரும்புவான். திருச்செங்கோட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? மெஷினுக்குத்தான் தெரியாது. அதற்குச் சொல்ல வேண்டியவள் நான்.

நான் போன் செய்த நாலாம் நாள் பதிவில் நீ 'ஆ' என்று தொடங்குகிறாய். கதவு அறைகிறது. "எவனுக்குடி கொரலு அனுப்பறே?" சொம்பு உருள்கிறது. "உடுங்க... ஆஸ்பத்திரிக்குத்தானுங்க..." அதன்பின் சொல்லே இல்லை. பட்டையில் அவன் விரல்களின் இறுக்கம் இருக்கிறது. உன் உதறல், மறுபடி இறுக்கம். உன் கால் தறிக்கட்டையில் அடிக்கிறது, அடிக்கிறது, அடிக்கிறது. பிறகு கோடு படுத்துவிட்டது. மெஷின் உனக்குப் பதில் அனுப்பியிருந்தது: "பதிவு தெளிவாக இல்லை. மறுபடி சொல்லவும்."

நான் அதைத் திறந்தது மதியம். அவன் கழுத்தை என் கையால் நெரிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் இருக்கிறது.

புரையேறித் துடித்துச் செத்தவளைத் தாங்கிப் பிடித்தேன் என்கிறான் அவன். அவனுடைய வக்கீல் கையில் இருப்பது என் மழைச் சளிதான். அது தப்பு, எழுதியவள் நானே என்று நாளை கூண்டில் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

போன வாரம் நாமக்கல்லிலிருந்து ஒருத்தி வந்தாள். குரல் கம்மியிருந்தது. "சளிங்க" என்றாள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். 'காரணம்' கட்டத்தை நிரப்பவில்லை. உன்னிடம் கேட்காததை அவளிடம் கேட்டேன்.

"உங்க ஊட்டுக்காரரு ரிக்குக்குப் போறவருங்களா? எப்பங்க ஊட்டுக்கு வந்தாரு?"

அவள் முந்தானையை எடுத்து, கழுத்து மஞ்சளைத் துடைக்கத் தொடங்கினாள்.